குறி சுத்தம் – 7: குளிர்ந்த குழலின் முதல் குண்டு

சென்ற வாரம், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய ரைஃபிளைப் பார்த்தோம். இந்த வாரம் அரைத் தானியங்கி. விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும்; ஆனால் காலிக் கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஜான் பிரவுனிங் வடிவமைத்த ரெமிங்டன் மாடல் 8, 1906-லேயே கடைக்கு வந்துவிட்டது. அவருடைய பேரன் புரூஸ் பிரவுனிங் உருவாக்கிய வேட்டை ரைஃபிளான பி.ஏ.ஆர். 1967-ல் வந்தது. தாத்தா 1918-ல் ராணுவத்துக்குக் கொடுத்த பி.ஏ.ஆர். வேறு. பெயர் ஒன்று என்பதால் பலர் குழம்புகிறார்கள்.

நூறு ஆண்டு கடந்தும் ஒரு புகார் மட்டும் ஓயவில்லை: ‘ஆட்டோமேட்டிக்கில் குறி நிற்காது.’ இதில் பாதி உண்மை. பி.ஏ.ஆர். போன்ற ரைஃபிள்களில், குண்டைத் தள்ளிக்கொண்டு போகும் வாயுவில் கொஞ்சம் குழலில் இருக்கும் சிறு துளை வழியே பிரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். அந்த ஏற்பாடு முழுவதும் குழலோடு ஒட்டி நிற்கிறது. சுடும்போது குழல் அதிரும். அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டு ஒரே இடத்தில் விழும். குழலில் தொங்கும் சுமையும், முன்கட்டை கொடுக்கும் அழுத்தமும் அதைக் கொஞ்சம் கலைத்துவிடுகின்றன.

மறு பாதியை யாரும் பேசுவதில்லை. பிஸ்டனும் ஸ்பிரிங்கும் உதையைச் சற்று நேரம் நீட்டிப் பரப்பிவிடுவதால், தோளில் விழும் இடி குறைகிறது. இடிக்குப் பயந்தவர் விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடித் தோளைச் சுருக்குவார். அவர் கையில் மென்மையாக உதைக்கும் துப்பாக்கிதான் குறி சுத்தமான துப்பாக்கி.

சரி, குறியை எப்படி அளப்பது? 100 கஜத்தில் ஒரு தாள். மூன்று ஓட்டைகள், மூன்றையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம். சுட்டவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், வருடக்கணக்கில் காட்டுவார். அந்தத் தாளை நான் நம்புவதில்லை. விரிவை அளக்கும்போது ஒன்றுக்கொன்று அதிகம் விலகிய இரண்டு ஓட்டைகளைத்தான் அளக்கிறோம். மூன்றே குண்டில் அது அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது. மூன்று குண்டில் சராசரியாக 1 அங்குலம் காட்டும் அதே ரைஃபிள், பத்துக் குண்டில் சராசரியாக ஒன்றரை அங்குலத்துக்கு மேல் காட்டும். துப்பாக்கி மாறவில்லை. பத்துக் குண்டு உண்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

உண்மை கசந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 8 அங்குலம். 100 கஜத்தில் 2 அங்குலத்துக்குள் பத்தையும் போடும் ரைஃபிள், 200 கஜத்தில் 4 அங்குலத்துக்குள் போடும். வேட்டைக்கு இது தாராளம். அரை அங்குலத்துக்காக ஆயிரக்கணக்கில் டாலர் கொட்ட வேண்டியதில்லை.

நான் கேட்கும் கேள்வி வேறு. குழல் குளிர்ந்திருக்கும்போது முதல் குண்டு எங்கே விழுகிறது? காட்டில் மான் எதிரில் நிற்கும்போது யாரும் குழலைச் சூடேற்றிக்கொண்டு வருவதில்லை. மெல்லிய குழல் நாலைந்து குண்டில் சூடேறி, குண்டு விழும் இடத்தை நகர்த்திவிடலாம். அதனால் குளிர்ந்த குழலில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு குண்டு, ஒரே தாளில், பத்து நாள் சுட்டுப் பார்க்க வேண்டும். மணல் மூட்டையை முன்கட்டைக்கு அடியில் வைக்க வேண்டும். குழல் அதன்மேல் படவே கூடாது. இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு ரைஃபிளுக்குப் பிடித்த தோட்டா, அதே மாடலில் இன்னொன்றுக்குப் பிடிக்காமல் போவது சாதாரணம்.

‘ஒன்று தவறினால் அடுத்தது இருக்கிறதே’ என்ற நினைப்புத்தான் அரைத் தானியங்கியின் மிகப் பெரிய கெடுதல். அவசரத்தில் போன இரண்டாவது குண்டு வயிற்றில் பட்டால் மான் உடனே விழாது. புதருக்குள் ஓடிப்போய் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். ஜெர்மனியில் அரைத் தானியங்கியில் ஒரு நேரத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் இட்டு வேட்டையாடக் கூடாது. பென்சில்வேனியா 2017-ல் சிறு விலங்குகளுக்கு அரைத் தானியங்கி ரைஃபிளை அனுமதித்தபோதும் மான் வேட்டைக்கு அனுமதிக்கவில்லை.

அமெரிக்காவிலோ கனடாவிலோ வேட்டை உரிமம் எடுக்க நினைக்கும் வாசகர்களே, முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். பிறகு அந்தப் பத்து நாள் தாளைப் பாருங்கள். பத்து ஓட்டைகளில் ஒன்று 8 அங்குல வட்டத்துக்கு வெளியே இருந்தாலும், அந்தத் தூரத்தில் மானைச் சுடாதீர்கள்.

(தொடரும்)