புதுக் காய்ச்சலுக்கு ஊசி: போடுவதா, விடுவதா?

“அக்கா, புதுசா ஒரு சளிக்காய்ச்சல் வருதாம். அதுக்கு ஊசி வந்தா எம்புள்ளைக்குப் போடலாமா, வேணாமா?”

மலையகத்தில், பொல்பிட்டியப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் காய்ச்சல் பரவத் தொடங்கினால் இந்தக் கேள்வியும் பரவத் தொடங்கிவிடும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்காம்பராவில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போகிற வழியில் தாய்மார் கேட்பார்கள். நின்றபடி பதில் சொல்லி அனுப்புகிற கேள்வி இல்லை இது. உட்காருங்கள், சாயத்தண்ணி ஊற்றுகிறேன், ஆறுதலாகப் பேசுவோம்.

சளிக்காய்ச்சல் என்று நாம் சொல்வதெல்லாம் ஒன்றல்ல. மூக்கு ஒழுகி, இரண்டு நாள் தும்மிவிட்டுப் போகிற தடிமன் வேறு, இன்புளுவென்சா வேறு. இன்புளுவென்சா என்றால் காய்ச்சல் சட்டென்று ஏறும், உடம்பெல்லாம் வலிக்கும், பிள்ளை சுருண்டு படுத்துவிடும். அப்படியும் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரத்தில் எழுந்து ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். சிலருக்குத்தான் அது நெஞ்சுக்குள் இறங்கி நியுமோனியா ஆகிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, அதிலும் இரண்டு வயது நிரம்பாதவர்களுக்கு, அந்த ஆபத்து கூடுதல். வீசிங் இருந்தால், பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்தால், இன்னும் கூடுதல்.

இலங்கையில் இது வருடத்துக்கு இரண்டு தரம் தலைதூக்கும். மே, ஜூன் வாக்கில் ஒருமுறை, வருடக் கடைசியில் இருந்து ஜனவரி வரை இன்னொருமுறை. மே, ஜூன் என்றால் நம் மலையில் தென்மேல் பருவமழை விடாமல் கொட்டுகிற காலம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுத்திருக்கையில் ஒருவர் இருமினால் மற்றவர் எங்கே ஒதுங்குவது? லயத்தில் ஒரு வீட்டுக்கு வந்த காய்ச்சல் அந்த வரிசையைச் சுற்றி முடிக்காமல் போவதில்லை. நகரத்தில் தனி அறை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிற ‘தனிமைப்படுத்துங்கள்’ என்ற புத்திமதி நம் வீடுகளில் செல்லாது. அதனால்தான் தடுப்பூசிப் பேச்சு நமக்கு மற்றவர்களைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

இனி ‘புது’ என்பதற்கு வருவோம். இன்புளுவென்சா வைரஸ் வருடா வருடம் கொஞ்சம் மாறிக்கொண்டேதான் இருக்கும். எப்போதாவது ஒருமுறை அடியோடு மாறிவிடும். 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தெரியவந்த எச்1என்1, பன்றிக்காய்ச்சல் என்று நாம் கேள்விப்பட்டது, அந்த வகை. ஜூன் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் அதை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதே ஜூனில் இலங்கையிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கமான இன்புளுவென்சாவில் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அந்த வருடம் நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் முதல் ஒரு வருடத்தில் 12,469 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். அவர்களில் 100க்கு 87 பேர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள். பழைய தலைமுறையின் உடம்பு அதன் தூரத்து உறவான ஒரு வைரஸை முன்பே கண்டிருந்தது. பிள்ளைகளின் உடம்பு கண்டதில்லை. புதுக் காய்ச்சல் என்றால் சிறுபிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படச் சொல்வது இதனால்தான்.

ஏப்ரலில் தெரியவந்த நோய்க்கு செப்டெம்பர், ஒக்டோபரில் ஊசி வந்துவிட்டது. “இவ்வளவு அவசரமா செஞ்சதை எப்படி நம்புறது?” என்று அன்று உலகம் முழுக்கக் கேட்டார்கள். நம் பெக்டரியை நினைத்துப் பாருங்கள். இன்று மேல்மலைக் கொழுந்து வருகிறது, நாளை கீழ்மலைக் கொழுந்து. அதற்காக வாட்டுகிற தட்டையும் உருட்டுகிற மெஷினையும் மாற்றுகிறோமா? இன்புளுவென்சா ஊசியும் அப்படித்தான். கோழி முட்டையில் வைரஸை வளர்ப்பது, அதைக் கொல்வது, சுத்தம் பண்ணுவது என்று பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிற அதே வேலை. பெரும்பாலான ஊசிகளில் உள்ளே போகிற வைரஸ் மட்டும் புதிது. செத்த வைரஸ் என்பதால் ஊசியே இன்புளுவென்சாவைக் கொடுக்க முடியாது. கை வலிக்கும், ஒன்றிரண்டு நாள் இலேசாகச் சுடும், அவ்வளவுதான்.

ஆனால் அவ்வளவோடு நான் நிறுத்திக்கொண்டால் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவளாவேன். பயப்படுகிற தாயைப் பார்த்து ‘அறியாமை’ என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1976இல் அமெரிக்காவில் ஒரு பன்றிக்காய்ச்சல் வரப்போகிறது என்று பயந்து நான்கு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். எதிர்பார்த்த காய்ச்சல் பரவவே இல்லை. ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருவருக்குக் கைகால் வலுவிழக்கும் கியான் பாரே நோய் வந்தது. திட்டத்தையே நிறுத்தினார்கள். 2009இல் ஐரோப்பாவில் போட்ட பான்டெம்ரிக்ஸ் என்ற ஊசிக்குப் பிறகு, சில பிள்ளைகளுக்குப் பகலிலும் கட்டுக்கடங்காமல் தூக்கம் வருகிற நார்கொலெப்சி என்ற நோய் வந்ததை 2010இல் பின்லாந்தும் சுவீடனும் கண்டுபிடித்தன. இங்கிலாந்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ 55,000 ஊசிக்கு ஒருவர் என்று பிறகு கணக்கிட்டார்கள். அதே 2010இல் ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனியின் இன்புளுவென்சா ஊசி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடும் காய்ச்சலையும் வலிப்பையும் கொடுத்தது. அந்த வயதுக்கு அதைப் போடுவதை நிறுத்தினார்கள். மற்றக் கம்பெனிகளின் ஊசிகளில் அந்தக் கோளாறு இருக்கவில்லை.

இந்த மூன்றும் நடந்தவைதான். 55,000 பேரில் ஒருவருக்கு வருகிற கோளாறு, சில ஆயிரம் பேரை வைத்துச் செய்கிற பரிசோதனையில் தெரியாது. ஊசி ஊருக்குள் போன பிறகுதான் தெரியும். அதனால் ஒரு புது ஊசியைப் பற்றி நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போட்ட பிறகு யார் கவனிக்கிறார்கள் என்பது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசியாகப் பென்டாவேலன்ட் வந்தது. மூன்று மாதத்துக்குள் நான்கு குழந்தைகளின் மரணம் பதிவானது. இன்னும் சில குழந்தைகள் துவண்டு, வெளிறிப்போனார்கள். சுகாதார அமைச்சு அந்த லொட்டை, அதாவது ஒரே தடவையில் தயாரான அந்தத் தொகுதியை, நிறுத்தியது. 2009 ஏப்ரலில் அடுத்த லொட்டிலும் ஒரு மரணம் பதிவானபோது பென்டாவேலன்டையே நிறுத்திவிட்டு, பழைய முக்கூட்டு ஊசிக்குத் திரும்பினார்கள். நிபுணர் குழுக்கள் ஒவ்வொரு மரணத்தையும் தோண்டித் துருவின. அந்தக் காலத்தில் இலங்கையில் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. ஒவ்வொன்றும் 2, 4, 6 மாதத்தில் ஊசிக்கு வருகிறது. இத்தனை பேருக்குள், வேறு காரணத்தால் நோயுறவிருந்த குழந்தை ஊசிக்கு மறுநாள் நோயுறுவதும் நடக்கும். எது தற்செயல், எது ஊசியால் என்று பிரிப்பதுதான் அந்தக் குழுக்களின் வேலை. அதைச் செய்து முடித்து, 2010இல் பென்டாவேலன்டை மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் மடியில் இருக்கிற பிள்ளைக்கும் அதுதான் போட்டிருக்கிறது. கிளினிக் கார்டைத் திறந்து பாருங்கள், இரண்டாம் மாதத்துக்கு நேரே இருக்கும். எனக்கு நம்பிக்கை தருவது, சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தித் தேடிப் பார்த்த அந்த இரண்டு வருடம்.

“மருந்துலயே கள்ள மருந்து வருதே” என்பார்கள் சிலர். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்குப் போன விவகாரத்தையும், அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியில் கைதானதையும் யாரும் மறக்கவில்லை; மறக்கவும் கூடாது. அதற்காகப் பிள்ளையின் ஊசியை விடச் சொல்ல மாட்டேன். மருந்துகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான ஊசியா, எந்தக் கம்பெனி, எப்போது காலாவதி என்று கேட்கச் சொல்வேன். கேட்பது உங்கள் உரிமை.

சரி, என் முடிவு என்ன? ஒரு பக்கம் பல்லாயிரத்தில் ஒன்று என்கிற கோளாறு. இன்னொரு பக்கம் லயம் முழுக்கச் சுற்றி வரப்போகிற காய்ச்சல். அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரையான கணக்கை வைத்து 2017இல் வந்த ஆய்வு ஒன்று, இன்புளுவென்சாவால் சாகிற ஆபத்தை ஊசி ஆரோக்கியமான பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கும், வேறு நோய் உள்ள பிள்ளைகளில் பாதியாகவும் குறைத்ததைக் காட்டியது. ஊசி போட்டும் காய்ச்சல் வரலாம். ஆனால் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போவது குறையும். புதுக் காய்ச்சல் பரவி, பதிவான ஊசியைக் கிளினிக்கில் கொடுத்தால், ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குப் போடுங்கள். வீசிங் உள்ள பிள்ளையின் தாய் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத் திணறியிருந்தால், வலிப்பு வந்திருந்தால், அதை முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள்.

சாதாரண வருடங்களில் நிலைமை வேறு. இன்புளுவென்சா ஊசி நம் பிள்ளைகளின் கார்டில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் தடவை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டு ஊசிக் காசு, இழக்கிற இரண்டு நாள் சம்பளம், பஸ் செலவு. ஆரோக்கியமான பிள்ளைக்கு அதைச் செய்ய முடியவில்லை என்றால் எந்தத் தாயும் குற்ற உணர்வோடு இருக்க வேண்டியதில்லை. நோயுள்ள பிள்ளைகளுக்காவது அரசாங்கம் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தையில் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் இடம் இருக்கட்டும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி இல்லை. அதற்குக் காவல் தாய்தான்: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் போட்டுக்கொண்டால், பிறந்த பிறகு முதல் சில மாதங்களுக்கு அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் போய்ச் சேரும். போட்டாலும் போடாவிட்டாலும், காய்ச்சலில் பிள்ளை வேகமாக மூச்சுவிட்டால், நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்காமல் மயங்கிக் கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். காய்ச்சலுக்கு என்று பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

ஊசி போட்ட பிறகு 20 நிமிடம் கிளினிக் வாங்கிலேயே உட்கார்ந்திருங்கள். கடும் அலர்ஜி வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும், அதற்கு மருந்தும் அங்கேயே இருக்கும். வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் வாட்சப்பில் வாய்ஸ் போடுவதற்கு முன்னால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். எழும்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: ஊசியின் பெயரும் திகதியும் லொட் நம்பரும் கார்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.