பழைய கணினியும் புதிய மென்பொருளும்

கணினி ஒன்று பழுதடைவதற்கு முன்பே பயனற்றதாகிவிடுவது உண்டு. திரை, விசைப்பலகை, வன்தட்டு எதிலும் குறையிராது. எனினும் புதிய மென்பொருள் எதையும் அதில் நிறுவ இயலாது. இத்தகைய கணினிகளின் ஆயுளை நீட்டிப்பதில் பொதி மேலாண்மைக் கருவிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

மென்பொருள் தனித்து இயங்குவதில்லை. அது வேறு பல நிரலகங்களைச் சார்ந்திருக்கும். அவையும் பிறவற்றைச் சார்ந்திருக்கும். இச்சார்புகளை அறிந்து, வேண்டியவற்றை இணையத்திலிருந்து பெற்று, முறைப்படி நிறுவித் தருவதே பொதி மேலாண்மைக் கருவியின் பணியாகும். டெபியன் லினக்ஸின் ‘ஆப்ட்’, ஆப்பிள் கணினிகளுக்கான ‘மேக்போர்ட்ஸ்’ ஆகியன இவ்வகையின. 2002இல் ‘டார்வின்போர்ட்ஸ்’ என்னும் பெயரில் தோன்றிய மேக்போர்ட்ஸ், ஆப்பிள் நிறுவனமே ஆதரவை நிறுத்திவிட்ட இயங்குதளங்களிலும் இயங்குமாறு தன்னார்வலர்களால் பேணப்படுகிறது.

அப்பணி எளிதன்று. 2005இல் வெளிவந்த ‘டைகர்’ இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய இணையச் சேவையகங்கள் பெரும்பாலும் டிஎல்எஸ் 1.2 அல்லது அதற்குப் பிந்தைய மறையாக்க நெறிமுறையையே ஏற்கின்றன. அந்நெறிமுறை வரையறுக்கப்பட்டதோ 2008இல். ஆதலால் டைகருடன் வந்த பதிவிறக்கக் கருவியால் அச்சேவையகங்களோடு தொடர்புகொள்ள முடியாது. புதிய பதிவிறக்கக் கருவியை நிறுவினால் இக்குறை நீங்கும். ஆனால், அதனைப் பதிவிறக்கவே புதிய கருவி வேண்டும்! பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டியவர் நிலைதான் இது. எனவே கோப்பை மறையாக்கமற்ற வழியிலோ வேறொரு கணினியின் வாயிலாகவோ பெற்று, அது இடையில் மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்ப்பு எண்ணால் உறுதிசெய்கின்றனர்.

மற்றொரு தடை இதனினும் நுட்பமானது. நேரத்தை நுண்ணளவில் அறிய உதவும் ‘கிளாக் கெட்டைம்’ என்னும் செயற்கூறு, மேக் இயங்குதளத்தில் 2016இல்தான் இடம்பெற்றது. அதனை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல், முந்தைய பதிப்புகளில் நிரல்பெயர்ப்பின்போதே நின்றுவிடும். அத்தகைய நிரல்கள் ஒவ்வொன்றையும் தேடித் திருத்துவது ஆகாத செயல். ஆகவே மேக்போர்ட்ஸ் குழுவினர், விடுபட்ட செயற்கூறுகளைத் தாமே எழுதி ஒரே நிரலகமாகத் தொகுத்து, நிரலுக்கும் இயங்குதளத்திற்கும் இடையே வைத்தனர். இப்படியொரு பாலம் இருப்பதை அந்நிரல்களை எழுதியோரில் பலர் அறிந்திருக்கவும் மாட்டார்.

டெபியனில் நிலைமை வேறு. ஆதரவுக்காலம் முடிந்த பதிப்புகளின் பொதிகள் காப்பகச் சேவையகத்திற்கு மாற்றப்படுகின்றன. அதன் முகவரியைக் கருவிக்குத் தெரிவித்தால் பழைய பொதிகளை மீண்டும் பெறலாம். ஆனால், புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது தகாது. இணையத்திலிருந்து துண்டித்து வைத்து, பழைய ஆய்வகக் கருவி ஒன்றை இயக்குவதற்கு அதுவே போதும்.