இணையவழி வகுப்பில் மனம் ஒன்றிட

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசித் திரையே வகுப்பறையாயிற்று. பள்ளிகள் திறந்த பின்னரும் தனிப்பயிற்சி, நுழைவுத்தேர்வு வகுப்புகள் பல இணையவழியே தொடர்கின்றன. கட்டணம் செலுத்தும் நாம், பிள்ளை திரைமுன் அமர்ந்திருப்பதைக் கண்டு நிறைவு கொள்கிறோம். அமர்ந்திருப்பதும் கற்பதும் ஒன்றல்லவே!

அவ்வாண்டு ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல்கள், 1 முதல் 8ஆம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிட அமர்வுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றன. நேரத்தைக் குறைப்பது நன்றே. மாணவர் கைக்கு வேலை தருவது அதனினும் நன்று.

கூட்டு வட்டிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். (வங்கியாளர்க்கு வேறென்ன நினைவுக்கு வரும்!) சூத்திரத்தைத் திரையில் எழுதிக்கொண்டே போனால் கவனம் சிதறும். மாறாக, “10,000 ரூபாய், 8 விழுக்காடு, ஈராண்டில் எவ்வளவாகும்? ஊகித்துத் தாளில் எழுதுங்கள்” என்று ஆசிரியர் ஒரு நிமிடம் காத்திருக்கட்டும். பின்னர் அனைவரும் ஒருசேரத் தாளைக் கேமராமுன் உயர்த்தட்டும். 11,600 என எழுதியோரும் இருப்பர். 11,664 என எழுதியோரும் இருப்பர். அந்த 64 ரூபாய் எங்கிருந்து வந்தது? முதலாண்டு வட்டியான 800 ரூபாய் ஈன்ற வட்டி அது. விடையைத் தாமே தேடிய மாணவர் அதனை எளிதில் மறவார்.

வகுப்பு முடிந்ததும் “கவனித்தாயா?” என்று வினவாமல், “அந்த 64 ரூபாயை எனக்கு விளக்கு” என்று கேட்டுப் பார்ப்போம். வீட்டிலுள்ள பாஸ்புக்கை எடுத்து வட்டி வரவைக் காட்டலாம். கணக்கு எண் மட்டும் கேமராவில் தெரிய வேண்டாம்.