ஏரியைப் பார்த்த வீடு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், புதுக் குடியிருப்புகளில் ‘ஏரியைப் பார்த்த வீடு’ என்றால் விலை கூடுதல். அந்த ஏரிகளில் பல, இயந்திரம் வைத்துத் தோண்டிய மழைநீர்த் தேக்கக் குளங்கள். தோண்டிய மண்ணைக் கொட்டியே மனைகளை மேடாக்கியிருப்பார்கள்.

வெறும் நிலத்தில் பெய்யும் மழையில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கிவிடும். அதே இடத்தில் கூரையும் தார்ச்சாலையும் வந்துவிட்டால் இறங்க வழியில்லை. மொத்த நீரும் ஒரே பாய்ச்சலில் ஓடிக் கீழேயுள்ள ஓடையை முட்டும். குளம் அந்த அவசரத்தைத் தடுக்கிறது. அதன் வெளிவாயில் ஒரு கான்கிரீட் பெட்டி. அதில் வேண்டுமென்றே சிறிதாக வைத்த துளை வழியே, தேங்கிய மழைநீர் மெல்ல மெல்லச் சில நாட்களில் வடியும். பெருமழை என்றால் பெட்டியின் விளிம்பைத் தாண்டி, ஏரிக் கலங்கலில் வழிவதுபோல் வழியும்.

இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. மழையின் முதல் ஓட்டம்தான் படுமோசம்: சாலையில் சிந்திய எண்ணெய், டயர்த் துகள், புல்வெளிக்குப் போட்ட உரம், நாய்க் கழிவு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். தெருவோர வடிகாலில் விழுந்தது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே குளத்துக்குத்தான். அங்கே நீர் அசையாமல் நிற்கும்போது வண்டல் படியும், அதில் ஒட்டிய உலோகங்களும் படியும். கரையோரச் செடிகள் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கொஞ்சம் உறிஞ்சும். பார்க்க அசிங்கம் என்று அந்தச் செடிகளை வெட்டித் தள்ளும் குடியிருப்புச் சங்கங்கள் தங்கள் குளத்தைத் தாங்களே கெடுக்கின்றன. இப்படி நீரைத் தேக்கித் தெளியவிட வேண்டும் என்ற விதியைப் புளோரிடா 1982-லேயே கொண்டுவந்துவிட்டது.

ஆக, தெருவின் அழுக்கைப் பிடித்துவைக்க வெட்டிய குளத்தில் குளிப்பானேன்? வெயில் காலத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தால் நீரில் நச்சு இருக்கலாம்; அதைக் குடித்த நாய் செத்துப்போகக்கூடும். கரை சாய்வாகத் தெரிந்தாலும் சில அடிகளில் ஆழம் வந்துவிடும், அடியில் சேறு. மழை நேரத்தில் வெளிவாய்க் குழாயின் இழுப்பு ஆளையே உள்ளே இழுத்துவிடும். முதலைகளும் வரும். அவற்றுக்குத் தீனி போடுவது அங்கே சட்டப்படி குற்றம். தின்று பழகிய முதலைக்கு மனிதரிடம் பயம் போய்விடும்.

பல குளங்களுக்கு வேலியே கிடையாது. சிறு பிள்ளைகளோடு அப்படியொரு வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், சாமான்களை இறக்கும் முன்பே பின்வாசல் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள்.