கருவியிசைப் பயிற்சியும் கணினிப் பின்னணியும்

இசைக்கருவியைத் தனித்திருந்தே பயிலுவோரிடம் பிறருடன் இணைந்து வாசிக்கும் ஆற்றல் எளிதில் வளருவதில்லை. இக்குறையைப் போக்கும் வகையில், 1950ஆம் ஆண்டில் அமெரிக்கரான இர்வ் கிராட்கா 'மியூசிக் மைனஸ் ஒன்' என்னும் இசைத்தட்டு வரிசையைத் தொடங்கினார். அவற்றில் ஒரு கருவி மட்டும் விடப்பட்டிருக்கும். அப்பகுதியை மாணவர் வாசித்து நிரப்புவார். ஆயினும், கடினமான இடத்தை மெதுவாகப் பயில விரும்பி இசைத்தட்டின் சுழற்சியைப் பாதியாக்கினால், சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும்.

1983இல் வெளிவந்த 'மிடி' முறை இத்தடையை நீக்கியது. மிடிக் கோப்பில் ஒலி இல்லை; எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்பொழுது தொடக்கம், எப்பொழுது முடிவு என்னும் கட்டளைகளே உள்ளன. ஆகவே நிமிடத்திற்கு 120 தட்டுகளாயிருந்ததை 60 ஆக்கினாலும் சுருதி மாறுவதில்லை. 1990இல் தோன்றிய 'பேண்ட் இன் எ பாக்ஸ்' நிரலோ, கார்டுகளின் பெயர்களையும் இசைப்பாணியையும் கொடுத்த மாத்திரத்தில் பின்னணி முழுவதையும் தானே அமைத்துத் தருகிறது. வசதிதான்; ஆனால் கற்பவருக்கு இதனை நாம் முதலாவதாகப் பரிந்துரைக்க மாட்டோம். கட்டணமின்றிக் கிடைக்கும் 'மியூஸ்ஸ்கோர்' நிரலில் நான்கு குரல்களையும் ஒவ்வொன்றாகத் தம் கையால் எழுதி, தாம் வாசிக்கும் குரலை மட்டும் ஒலிக்காமல் நிறுத்துகிற மாணவர், பாஸ் ஏன் அவ்விடத்தில் இறங்குகிறது என்பதையும் அறிந்துகொள்கிறார்.

இனி, இம்முறையின் குறையொன்றை நாம் மறைத்தல் ஆகாது. கணினி ஒலிக்கிறது, செவிகொடுப்பதில்லை. நாம் தடுமாறினாலும் அது நில்லாது செல்லும். தவறிய இடத்தில் நின்றுவிடும் பழக்கமுடையோருக்கு இது நன்மருந்தே. ஆனால் ஆலயத்தில் பாடுவோர் அடிதோறும் மூச்செடுப்பர். முதியோர் சற்றே பிந்துவர். இயந்திரத்துடன் மட்டுமே பயின்ற வாசிப்பாளர் அவர்களுக்காகக் காத்திருக்க அறியார். எனவே அடியின் இறுதியில் சிறு நிறுத்தத்தைத் தடத்திலேயே எழுதிவைத்தல் நன்று.

தாளவாத்தியத்தையும் இடைவிடாது ஒலிக்கவிடலாகாது. அது எப்பொழுதும் தாங்கினால் நமக்குள் தாளம் ஊன்றாது. நான்கு தாளக்கட்டுகள் பின்னணி ஒலிக்கட்டும். அடுத்த நான்கில் முற்றிலும் மௌனமாயிருக்கட்டும். அது மீண்டும் ஒலிக்கும்பொழுது நாம் முந்தியிருக்கிறோமா, பிந்தியிருக்கிறோமா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். பின்னர் மௌனத்தை எட்டுக் கட்டுகளாக்கலாம்.