வானவழிக்கு ஒரு பொதுச்சட்டம்

மதுரை வானிற் செல்லும் விமானத்தை நாம் அண்ணாந்து நோக்கி மகிழ்கின்றோம்; அது இடரின்றிச் செல்லுதற்குரிய ஏற்பாடு யாதென ஆராய்வோர் சிலரே. 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், திருவனந்தபுரத்தினின்று மதுரை நோக்கி வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூரை அடுத்த மலையில் மோதி வீழ்ந்தது. அதிலிருந்த 31 பேரில் 21 பேர் மாண்டனர். வழி தெளிவாகப் புலப்படாத வேளையில் மலையுயரத்திற்குக் கீழே பறந்தமையால் விளைந்த கேடு அது. உள்நாட்டு விமானத்திற்கே இந்நிலையாயின், பல நாட்டு எல்லைகளைக் கடப்பனவற்றிற்கு, நாட்டுக்கு நாடு விதி மாறுமேல், என்னாகும்?

இவ்வச்சத்தை முன்னுணர்ந்தே 1944-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் சிக்காகோ நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்வழி 1947-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் தோன்றிற்று. கனடா நாட்டு மொன்றியால் நகரம் அதன் தலைமையிடம். இன்று 193 நாடுகள் அதன் அங்கத்தினர். விமானிகளின் தகுதி முதல் விபத்து விசாரணை ஈறாக அது வகுத்த விதிகள் 19 பிற்சேர்க்கைகளாய் அமைந்துள்ளன. ஒரு விதிக்கு இணங்க இயலாத நாடு அவ்வேறுபாட்டை ஸ்தாபனத்திற்கு அறிவித்தல் வேண்டும். இணங்காதாரை ஒறுக்க அதற்குப் படையில்லை.

படையின்றியும் அச்சட்டம் நடக்கின்றது. 2012-இல் மதுரைக்கும் கொழும்புக்கும் நேரே விமானப் போக்குவரத்துத் தொடங்கிற்று. அவ்வழியில், இந்தியக் கட்டுப்பாட்டு நிலையத்தார் ஓரிடத்தில் விமானத்தை இலங்கை நிலையத்தாரிடம் ஒப்புவிப்பர். உள்ளே துயிலும் பிரயாணி இதனை அறியான். இரு திறத்தாரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் வழங்குதலாலேயே இது இனிது முடிகின்றது. தமிழ் பயிலும் நாம் ஒரு சொல்லின் பொருள்பற்றி நெடுநேரம் வழக்கிடுதல் கண்டு பிற வகுப்பினர் நகைப்பதுண்டு. மொன்றியாலிலோ, ஆறு மொழிகளில், அதுவே பலர்க்கு ஊதியம் தரும் தொழில்!

அத்தொழிலின் தலைமைக்கு உயர்ந்த இந்தியர் ஒருவர் உளர். இந்திய ஆட்சிப்பணியினரும், பின்னாளில் மணிப்பூர், கோவா ஆகியவற்றின் ஆளுநராய் இருந்தவருமான சிவிந்தர் சிங் சித்து, 1988 முதல் 1991 வரை ஸ்தாபனத்தின் பொதுச் செயலாளராக விளங்கினார். அவர் பதவியேற்ற காலம் எளியதன்று. 1988 ஜூலை 3-ஆம் நாள் பாரசீக வளைகுடாவில் ஈரானிய பிரயாணி விமானம் ஒன்றை அமெரிக்கப் போர்க்கப்பல் சுட்டு வீழ்த்த, 290 பேர் மாண்டிருந்தனர். இரு நாடுகளும் ஸ்தாபனத்தின் அங்கத்தினர்; இரண்டின் சினமும் ஒரே மன்றத்திற்கு வந்தது. ஸ்தாபனம் நடத்திய விசாரணை, பழியை எவர் தலையிற் சுமத்துவது என்பதினும், விளைந்தது எவ்வாறு என்பதையே நாடிற்று. கப்பலின் எச்சரிக்கைகளுட் பெரும்பாலன, பிரயாணி விமானம் கேட்கவே இயலாத இராணுவ அலைவரிசையிற் சென்றன என்பது அதனாற் புலப்பட்டது. இதனை அறிந்த பின்னரன்றோ, போர்க்கப்பலும் வானவழி நிலையமும் ஒன்றோடொன்று பேசுதற்கு வழி காணலாகும்? சினத்தைக் கேள்வியாக மாற்றும் இத்திறத்தையே இப்பதவிக்குரிய முதற்றகுதியாக நாம் கருதுகின்றோம்.

அவ்வாண்டு முடியுமுன்னரே, டிசம்பர் 21-ஆம் நாள், ஸ்காத்லாந்திலுள்ள லாக்கர்பி என்னும் ஊரின்மேல் ஒரு விமானம் வெடித்துச் சிதறி 270 பேர் உயிரிழந்தனர். வானொலிப் பெட்டியொன்றில் மறைத்த பிளாஸ்டிக் வெடிமருந்து அக்கொடுமையைச் செய்தது. அக்காலச் சோதனைக் கருவிகட்கு அது எளிதில் அகப்படாத பொருள். எனவே, கருவியும் மோப்ப நாயும் அறியத்தக்க ஒரு சரக்கை அதனை ஆக்குங்காலத்தே கலத்தல் வேண்டும் என்னும் உடன்படிக்கை 1991 மார்ச் 1-ஆம் நாள் மொன்றியாலில் முடிவாயிற்று. அது நடைமுறைக்கு வரத் தக்க தொகையினரான நாடுகளின் இசைவு வேண்டியிருந்தது. சித்து பதவி நீங்கி ஏறத்தாழ ஏழாண்டு கழிந்து, 1998-இல் அவ்விசைவு நிரம்பிற்று.