கைத்திறனும் துணைத்தொழிலும்

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் பணியிற் பழகிய கைத்திறன் ஒருவரை விட்டு நீங்குவதில்லை. தச்சருக்கு உளிப் பழக்கமும், தையற்காரருக்குக் கத்தரிப் பழக்கமும், என்னைப் போன்ற ஓவிய ஆசிரியருக்குத் தூரிகைப் பழக்கமும் இறுதிவரை உடன் வருவன. அத்திறனைக் கொண்டு துணை வருவாய் தேடுவது எவ்வாறு என்று என்னைப் பலர் கேட்பதுண்டு. விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் முடையப்பெறும் கொட்டானின் வரலாறே தக்க விடையாகும்.

கொட்டான் என்பது பனையோலைக் கூடை. பனையின் குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வகிர்ந்துகொள்வர். சாயம் கலந்த கொதிநீரில் இட்டு நிறமேற்றி உலர்த்துவர். பிறகு நனைத்துப் பதப்படுத்தி முடைவர். செட்டிநாட்டு ஆச்சிமார் இதன்மேல் பின்னல் வேலையும் பாசிமணி வேலையும் செய்து அழகு சேர்த்தனர். ஆடவர் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்துவந்த நாளில், வீட்டிலிருந்த பெண்டிர் ஓய்வு நேரத்தில் வளர்த்த கலை இது. திருமணச் சீரிலும் கோயில் வழிபாட்டிலும் கொட்டானுக்கு இடம் இருந்தது. அதனை எவரும் விலைக்கு முடையவில்லை. வீட்டுக்கும் உறவினர்க்குமே முடைந்தனர்.

1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். அதன் பின் அவ்வணிகமும் செல்வமும் குலைந்தன. பெரிய வீடுகள் பல பூட்டப்பட்டன; குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பின்னர் ஓலைக் கூடையை நாடுவோர் அருகினர். முடையத் தெரிந்த ஆச்சிமார் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினராயினர். இந்நிலையில்தான், விசாலாட்சி இராமசாமி அம்மையார் 2000ஆம் ஆண்டில் எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளையைத் தொடங்கி இக்கலையை மீட்க முற்பட்டார். முதிய ஆச்சிமாரிடம் எஞ்சியிருந்த திறன் சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பிக்கப்பெற்றது. வானம் பார்த்த இப்பூமியில் வயல்வேலை இல்லாத நாள்கள் பல. அந்நாள்களில் வருவாய் தரும் துணைத்தொழிலாகக் கொட்டான் மறுபிறப்பு எடுத்தது. இன்று அது புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

வீட்டுக் கலை தொழிலாக மாறியபோது நிகழ்ந்தவற்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். முதலாவது, பொருள் கொள்வோரின் தேவைக்கு இணங்கியது. நகரத் திருமணங்களில் விருந்தினர்க்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்கவும், மேசைமேல் சிறு பொருள்களை இட்டு வைக்கவும் ஏற்ற அளவுகளில் கொட்டான்கள் எழுந்தன. ஓலையும் முடைப்பும் மாறவில்லை, பயன் மாறிற்று. இரண்டாவது, ஒழுங்கு. மருமகளுக்கென்று அன்போடு முடைந்த ஒரு கொட்டான் சிறிது கோணியிருந்தால் எவரும் குறை கூறார். இருநூறு கொட்டான் கேட்டவர்க்கோ இருநூறும் ஒத்திருத்தல் வேண்டும். முகூர்த்தத்துக்கு முன் கைக்கு வந்து சேருதலும் வேண்டும்.

மூன்றாவது, விலை. பெரும்பாலோர் இடறி விழும் இடம் இதுவே. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு கூடைக்கு ஓலையும் சாயமும் 40 ரூபாய். முடைய 5 மணி நேரம். அதனை 200 ரூபாய்க்கு விற்றால், மூலப்பொருள் போக 160 ரூபாய் ஆதாயம் என்று மகிழ்கிறோம். அதனை 5 மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 32 ரூபாய்! இதற்குள் ஓலை வாங்கச் சென்றுவந்த பேருந்துக் கட்டணமும், விற்றுத் தருகின்ற கடைக்காரரின் பங்கும் சேரவில்லை. அவற்றைக் கழித்தால் எஞ்சுவது என்ன? ஆகவே முதலில் தம் ஒரு மணி நேரத்தின் மதிப்பை வரையறுக்க வேண்டும். மூலப்பொருள், போக்குவரவு, கடைப்பங்கு ஆகியவற்றை அதனோடு கூட்ட வேண்டும். அதன் பின்னரே விலை கூற வேண்டும். அவ்விலைக்கு வாங்குவார் இல்லையெனில் வேலையைச் சுருக்கலாம். சிறிய பொருளாகச் செய்யலாம். தம் உழைப்பைக் கணக்கிலிருந்து அடித்துவிடுதல் மட்டும் ஆகாது.

இது சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. நான் பணி ஓய்வுக்குப் பின் திருமண வீடுகளுக்கு நல்வரவுப் பலகைகள் எழுதி வருகிறேன். "உங்களுக்கென்ன அண்ணே, அரை மணி வேலைதானே!" என்பார் தெரிந்தவர். அந்த அரை மணிக்குப் பின்னால் 30 ஆண்டுப் பயிற்சி இருப்பதை அவர் எண்ணுவதில்லை. இதற்காக உறவை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆண்டுக்கு இத்தனை பலகை அன்பளிப்பு என்று நமக்குள்ளே ஒரு வரம்பு வகுத்துக்கொண்டு, ஏனையவற்றுக்கு விலையை முன்னரே சொல்லிவிடுவது நன்று. கொடுப்பதை மனமாரக் கொடுக்கலாம். விற்பதைக் கூச்சமின்றி விற்கலாம். இரண்டும் கலக்கும்போதே மனக்கசப்பு பிறக்கிறது.

கற்ற திறனுக்கு விலை கேட்பது இழிவன்று. அக்கலை அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழியும் அதுவே. முடைவதால் அடுப்பு எரியும் என்று கண்டால்தான் தாய் தன் மகளை அருகில் அமர்த்தி ஓலை பிடிக்கக் கற்பிப்பாள். கலையைப் போற்றுவோமாக, கலைஞரின் கூலியையும் மறவாது கொடுப்போமாக.